ஆவுடையப்பன் வந்தாச்சு

முனியந்துறையில் கண்ணாத்தாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர், கடற்கரைக் கோயிலில் அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்கிற முனீஸ்வரர். இன்னொருத்தன், அவளை விட்டுவிட்டு ஓடிப்போன புருஷன் ஆவுடையப்பன். முனீஸ்வரர் கல். புருஷனோ பதினோரு வருஷமாக ஊரிலேயே இல்லை. ஆகவே பயப்படாத ஆள் என்று யாரும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்த இரண்டாவது ஆள் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஊருக்குள் வந்து இறங்கினான். அதுவும் எப்படி? அறக்கட்டளைத் தலைவர் வீரய்யாவின் வெள்ளைக் காரில், முன் சீட்டில், கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

கண்ணாத்தாள் அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரோட்டோரத்தில், உச்சி மண்டையைப் பிளக்கிற வெயிலில் குந்தியிருந்தாள். முன்னால் பலகை. பலகை மேல் நகரை மீன். பக்கத்தில் அன்னக்கூடை நிறைய நண்டு. ஒரு கையால் ஈயை விரட்டி, மறு கையால் காக்காயை விரட்டி, வாயால் அறந்தாங்கிப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பலகைக்காரி செவந்திதான் காரை முதலில் பார்த்தது.

"ஏக்கா, அங்கிட்டுப் பாருக்கா. அண்ணன் மாதிரியே இருக்கு."

"எந்த அண்ணன்டி?"

"ஒங்க வீட்டு அண்ணன்தான்க்கா."

கண்ணாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். தலை நரைத்திருந்தது. தொப்பை விழுந்திருந்தது. தொண்டியில் சேர்த்துக்கொண்டவள் வீட்டுச் சோறு நன்றாகத்தான் உடம்பில் ஒட்டியிருக்கிறது! பதினோரு வருஷமாக அவனைத் திட்டுவதற்கென்றே சொல் சொல்லாகச் சேர்த்து வைத்திருந்தாள். அதில் ஒன்றாவது அந்த நேரத்துக்கு வாயில் வரவேண்டுமே? வரவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்கு வந்துருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

செவந்தி தன் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏழாம் நம்பர் கடைச் சாவி வாங்கத்தானாம். நேத்தே பேச்சு அடிபட்டுச்சு. ஒனக்கு எப்புடிச் சொல்றதுன்னுதான் பேசாம இருந்தேன்."

கண்ணாத்தாளின் கையிலிருந்த நகரை நழுவிப் பலகையில் விழுந்தது.

ஏழாம் நம்பர் கடையின் கதையைச் சொல்லாவிட்டால், அவள் வயிறு எரிந்த எரிச்சல் யாருக்கும் விளங்காது. கஜா புயல் வந்தபோது முனியந்துறையின் பழைய மீன் கொட்டகை கூரையோடு போனது. அன்றைக்கு ரோட்டோரத்துக்கு வந்த மீன்காரிகள்தான், வருஷம் பல ஆகியும் ரோட்டோரத்திலேயே கிடந்தார்கள். ஊரைத் தூக்கி நிறுத்துகிறோம் என்று துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிற ஊர்ப் பிள்ளைகள் ஒன்று சேர்ந்து 'முனியந்துறை மறுமலர்ச்சி அறக்கட்டளை' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இருபது வருஷம் துபாயில் இருந்துவிட்டுத் திரும்பிய வீரய்யா தலைவரானார். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் தலைவர் செய்த முதல் வேலை, கடற்கரை ரோட்டுச் சுவர் முழுக்க நீல நீலமாய் டால்பின் படம் வரைந்தது. இரண்டாவது வேலை, நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்காக ஆள் உயரத்துக்கு ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாக நட்டது.

மூன்றாவதாக நீரூற்று வைக்கப்போகிறோம் என்று ஊர்க்கூட்டத்தில் அவர் சொன்னபோது, பின்னால் பெண்கள் நிற்கிற இடத்திலிருந்து கண்ணாத்தாள் குரல் கொடுத்தாள்.

"ஏண்ணே, டால்பின எந்தக் காலத்துலண்ணே நம்ம ஊர்ல கொழம்பு வச்சோம்? மீனு விக்கிறவளுக்கு ஒரு நெழலு போடுங்க. பெறகு நீரூத்து விடுங்க, நாங்களும் வந்து குளிக்கிறோம்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. யாரோ அதை வீடியோ எடுத்துத் துபாய்க்கு அனுப்பிவிட்டார்கள். துபாய்க்காரர்கள், "அந்தம்மா சொல்றதுதான் சரி, மார்க்கெட் கட்டுங்க" என்று சொல்லிவிட்டார்கள். வீரய்யா கட்டினார். டைல்ஸ் போட்டு, ஷட்டர் வைத்து, தண்ணீர்க் குழாய் வைத்து, பன்னிரண்டு கடை கட்டினார். ஆனால் அந்தச் சிரிப்பை அவர் மறக்கவே இல்லை.

கடை பன்னிரண்டு, கேட்டவர்கள் முப்பதுக்கு மேல். எனவே ஒரு விதி வைத்தார்கள். நாற்பது ஞாயிற்றுக்கிழமை ஊர் வேலை நடக்கும். கடற்கரையில் குப்பை பொறுக்குவது, புயலில் தூர்ந்துபோன முகத்துவாரத்தில் சேறு அள்ளுவது, அலையாத்திக் கன்று நடுவது. எந்த வீடு அதிக நாள் வந்ததோ அந்த வீட்டுக்குக் கடை. நாற்பது நாளும் விடாமல் வந்தது மூன்றே வீடுகள். அதில் ஒன்று கண்ணாத்தாளின் வீடு. இடுப்பளவு சேற்றில் இறங்கி அள்ளியதில் அவளுக்கு முழங்கால் இன்றைக்கும் மடங்காது. குலுக்கலில் அவள் வீட்டுக்கு விழுந்தது ஏழாம் நம்பர். பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேர் எதிர்க் கடை.

அவள் வீட்டுக்கு விழுந்தது, சரி. எந்தப் பெயரில் விழுந்தது? அங்கேதான் வந்தது வினை.

முனியந்துறையில் ஒரு வீடு என்றால் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை ஒருத்தன் பெயர். கோயில் வேலையானாலும், படகு இழுக்கிற வேலையானாலும், அந்தப் பெயரைத்தான் வாசிப்பார்கள். வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்களோ அவர்கள் "வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறாது. கூட்டத்தில் அவளை 'ஆவுடையப்பன் வீடு' என்றுதான் சொல்வார்களே தவிர, கண்ணாத்தாள் என்று யாரும் கூப்பிட்டது கிடையாது.

புருஷன் ஓடிப்போனபோதே அவள் பட்டியலில் அவன் பெயரை அடித்துவிடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகள் சுகுணாவுக்கு அப்போது பதிமூன்று வயசு. தலைக்கட்டு இல்லாத வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரார் சீர் வைத்துக் கொண்டுவருகிற ஊர்த் தட்டு வராது. ஊர்த் தட்டு வராத பெண்ணை எவன் கட்டுவான்? எனவே ஓடிப்போனவனைப் பட்டியலில் உயிரோடு வைத்தாள். "ஆவுடையப்பன்!" என்று வாசித்த இடத்திலெல்லாம் ஓடிப்போய் நின்று "வந்தாச்சு" என்றாள். சுகுணா கல்யாணமாகித் திருமயம் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. பிறகும் அவள் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. பெயர் போனால் வீடே இல்லை என்று ஆகிவிடுமே என்ற பயம். தன் கையால் தானே தண்ணீர் ஊற்றி வளர்த்த பெயர் அது. இப்போது அந்தப் பெயரே காரில் வந்து இறங்கியிருக்கிறது.

மீனைச் செவந்தியிடம் ஒப்படைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் அறக்கட்டளை ஆபீசுக்குள் போய் நின்றாள். ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் ஆவுடையப்பன் வடை தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வடையைத் தட்டில் வைத்தான். பிறகு, வைத்தது கௌரவக் குறைச்சல் என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி எடுத்துக்கொண்டான்.

"வாத்தா, ஆவுடையப்பன் வீடு!" என்றார் வீரய்யா. "ஓடிப்போன புருஷனத் தேடிப் புடிச்சு, கூட்டியாந்து சேத்துருக்கேன். எனக்கு நீ மாலை போடணும்."

"யாரு கேட்டா?"

"கேட்டாத்தானா? ஊருன்னு ஒரு மொறை இருக்குல்ல. நோட்டுல ஆவுடையப்பன்னு இருக்கு. சாவிய ஆவுடையப்பன் கையில குடுக்குறேன். வேற யாருகிட்டக் குடுக்கச் சொல்ற? நீயே சொல்லு."

"நாப்பது ஞாயித்துக்கெழமையும் சேத்துல எறங்குனது யாருண்ணே?"

"நோட்டுல யாருன்னு இருக்கு?"

"நோட்டுல இருக்கிறது கெடக்கட்டும். ஒங்க கண்ணு எங்க இருந்துச்சு?"

"எங் கண்ணு எங்க வேணா இருக்கும். நீ மரியாதையாப் பேசு."

ஆவுடையப்பன் வாயிலிருந்த வடையை விழுங்கிவிட்டு நடுவில் புகுந்தான். "இந்தா, எதுக்குச் சத்தம்? நான் என்ன இங்கயா இருக்கப் போறேன்? ஞாயித்துக்கெழமை சாவிய வாங்கி நம்ம கண்ணுசாமிக்கு வாடகைக்கு விட்டுட்டு, பொழுது சாயப் போயிருவேன். ஒனக்கும் மாசாமாசம் எதாச்சும் குடுக்கச் சொல்றேன்."

கண்ணுசாமி என்பவன் வீரய்யாவின் மச்சினன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜூஸ் கடை வைக்க வேண்டும் என்பது அவன் கனவு. நாற்பது ஞாயிற்றுக்கிழமையில் அவன் வந்தது நாலு. அந்த நாலிலும் சேற்றில் கால் வைக்காமல் கரையில் நின்று, "அங்கிட்டு அள்ளுங்க, இங்கிட்டு அள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவன். ஓகோ, கதை அப்படிப் போகிறதா என்று கண்ணாத்தாளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

"எதாச்சுமா?" என்றாள் புருஷனைப் பார்த்து. "எனக்கு நீ எதாச்சும் குடுக்கப் போறியா? பெத்த புள்ளைக்கு ஒரு சடங்குச் சீலை எடுத்துக் குடுக்க வக்கில்லாம ஓடுனவன், எனக்குப் படியளக்க வந்துட்டியா? த்தூ!"

கட்டிய புருஷனை அவள் 'நீ' என்று கூப்பிட்டது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. வீரய்யா மட்டும் சிரித்தார்.

"கத்திட்டுப் போ. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. ஞாயித்துக்கெழமையிலேருந்து ரோட்டோரத்துல பலகை போடக் கூடாது. மார்க்கெட் தெறந்தப்பறம் ரோட்டுல ஈ மொய்க்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சு. வாசல்ல நோட்டீஸ் ஒட்டிருக்கு. படிக்கத் தெரியும்ல, படிச்சிக்க."

படித்தாள். நன்றாகவே படித்தாள். கடையும் கிடையாது, ரோட்டோரமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முனியந்துறையில் அவள் மீன் விற்க ஒரு சாண் இடம் இல்லை. அதை மூன்று வரியில், தப்பில்லாமல், அழகாக டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள்.

வெளியே வந்தால், ஏழாம் நம்பர் கடையின் ஷட்டர் பாதி திறந்து கிடக்கிறது. ரெண்டு பேர் மினி லாரியிலிருந்து ஆள் உயர ஃப்ரிட்ஜ் ஒன்றை இறக்கி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கண்ணுசாமி கரையில் நின்றது போலவே இங்கேயும் நின்று, "இங்கிட்டுத் தள்ளு, அங்கிட்டுத் தள்ளு" என்றான். சாவியே இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள் ஃப்ரிட்ஜ்!

மறுநாள் ஷர்லியைப் பிடித்தாள். ஷர்லி அறந்தாங்கிப் பெண், அறக்கட்டளையில் நோட்டு எழுதுகிற வேலை. நாற்பது ஞாயிற்றுக்கிழமையும் குடையைப் பிடித்துக்கொண்டு பெயர் வாசித்தவள் அவள்தான். அறந்தாங்கிப் பஸ்ஸிலிருந்து இறங்கியவளைக் கண்ணாத்தாள் வழியிலேயே மறித்துக்கொண்டாள்.

"ஏ புள்ள, நான் வந்தேனா, இல்லயா? ஒன் வாயால சொல்லு."

"வந்தீங்கம்மா. ஒரு வாரம்கூட விடல. எனக்குத் தெரியாதா?"

"அப்ப அதை அந்த ஆளுகிட்டச் சொல்லு."

ஷர்லி கைப்பையின் வாரை முறுக்கினாள். "சொன்னா என்னை வேலைய விட்டு எடுத்துருவாங்கம்மா. எங்க வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதான்."

"ஒன் வேலை போயிரும்னு ஒனக்குப் பயம். என் வேலை போறது ஒனக்கு வேடிக்கையா? மொத வாரம் நோட்ட நீட்டுனப்ப, எந்தப் பேரைப் போடன்னு ஒன்கிட்டத்தானே கேட்டேன்? லிஸ்ட்ல இருக்கிற பேரையே போடுங்கம்மான்னு சொன்னது யாரு? நீதான?"

ஷர்லி அழுதுவிட்டாள். கண்ணாத்தாளுக்கு இரக்கம் வரவில்லை. அழுகிறவளுக்கு மாசச் சம்பளம் இருக்கிறது, அழாதவளுக்கு என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. விடுவிடுவென்று திரும்பி நடந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட் முன்னால் பந்தல், வாழைமரம், மைக் செட், ஒரே அமர்க்களம். துபாய்க்காரர்கள் பார்ப்பதற்காக ஒரு செல்போனை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, அவர்கள் பேசினால் எல்லாருக்கும் கேட்கும்படி மைக் செட்டோடு இணைத்து வைத்திருந்தார்கள். போனுக்குள் ஏழெட்டு முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. முன்னால் நாற்காலியில் தலைக்கட்டுகள். பின்னால் வெயிலில் பெண்கள். கண்ணாத்தாள் வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்தாள். குளித்து, தலை முடிந்து, நல்ல புடவை கட்டி வந்து, விற்க இடமில்லாத நண்டுக் கூடையைப் பந்தலுக்கு வெளியே இறக்கிவைத்துவிட்டு, செவந்தி பக்கத்தில் நின்றாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அவன் சாவி வாங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது போகலாம் என்று வந்தாள்.

வீரய்யா மைக்கைத் தட்டினார். ஊர் வளர்ச்சி, உலகத்தரம், மறுமலர்ச்சி என்று அரைமணி நேரம் அறுத்தார். பிறகு ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெயருக்குரியவர் "வந்தாச்சு" என்று எழுந்து போய், ஷர்லி நீட்டுகிற நோட்டில் கையெழுத்துப் போட்டு, சாவி வாங்கி, செல்போனைப் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும். செவந்தியின் புருஷன் அய்யப்பன் வாங்கினார். மூக்கன் வாங்கினார். ஆறு கடை முடிந்தது.

"கடை நம்பர் ஏழு. ஆவுடையப்பன்!"

கண்ணாத்தாளின் நாக்கு அவளைக் கேட்காமலே அசைந்தது. பதினோரு வருஷத்துப் பழக்கமல்லவா! பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். முன் வரிசையிலிருந்து ஆம்பளைக் குரல் ஒன்று, "வந்தாச்சு" என்றது. பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிக் கண்ணாத்தாளைப் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் வெள்ளை வேட்டி சரசரக்க மேடை ஏறினான். ஷர்லி நோட்டைத் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினாள். அவன் பேனாவை வாங்கவில்லை. வலது கைக் கட்டைவிரலை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, "மை டப்பா எங்கம்மா?" என்றான்.

ஷர்லி நீட்டிய பேனா அப்படியே நின்றது. அவள் கூட்டத்துக்கு மேலே கண்ணை ஓட்டிக் கண்ணாத்தாளைத் தேடினாள்.

அடி சண்டாளி, இத்தனை நாள் இது உனக்குத் தோன்றவில்லையே என்று கண்ணாத்தாள் தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் என்றைக்குக் கையெழுத்துப் போட்டான்? ரேஷன் கார்டிலும் கைநாட்டு. சுகுணாவின் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்து என்ற இடத்திலும் அவள்தானே போட்டாள்? புதுக்கோட்டை ஜில்லா முழுக்க அறிவொளி இயக்கம் வந்தபோது, சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து எழுதப் படித்தவள் அவள். வாயால் சொல்லக் கூடாத புருஷன் பெயரைக் கையால் எழுதி எழுதிப் பழகியவள். அந்த நோட்டில் நாற்பது இடத்தில் 'ஆவுடையப்பன்' என்று, கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்து எழுதியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோவுக்கு மட்டும் வந்துபோன வீரய்யா ஒருநாளாவது அதைத் திறந்து பார்த்திருந்தால்தானே!

"நாட்டு வக்கிறாரா?" என்று பின்னாலிருந்து கத்தினாள். "நோட்டுல கையெழுத்துல்ல இருக்கு!"

பந்தல் திரும்பியது. அவள் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து முன்னால் வந்தாள்.

"தலைவரே, போன வருஷம் சோலார் லைட்டு குடுத்தப்ப, இல்லாத ஆளு பேருல ஆளுக்கு மூணு லைட்டு வாங்கிட்டாங்கன்னு மைக்ல என்ன சொன்னீங்க? நோட்டுல உள்ள கையெழுத்தும் வாங்குற கையெழுத்தும் ஒத்துப்போகலைன்னா, அந்த முனீஸ்வரரே வந்து நின்னாலும் பொருளு கெடையாதுன்னு சொன்னீங்களா, இல்லையா?"

சொன்னார்தான். ஊரே கேட்டது. வீரய்யா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏ ஷர்லி, மை டப்பாவ எடு. நாட்டு செல்லும்" என்று பல்லைக் கடித்தார்.

செல்போனுக்குள்ளிருந்து ஒரு குரல் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. "என்ன பிரச்சனை தலைவரே? நோட்டைக் கொஞ்சம் இங்க காட்டச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல தம்பி, குடும்பச் சண்டை."

"பரவால்ல, காட்டுங்க."

ஷர்லி வீரய்யாவைப் பார்த்தாள். இருந்தாலும் நோட்டைத் தூக்கிச் செல்போனுக்கு நேரே விரித்துப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். நாற்பது வாரம், நாற்பது கையெழுத்து, நாற்பது நீளவால்.

"இந்த நாப்பதும் நான் போட்டது" என்றாள் கண்ணாத்தாள். புருஷனைக் கைநீட்டிக் காட்டினாள். "அந்தா நிக்கிறாரே ஆவுடையப்பன், அவரு போட்டது இல்ல."

பெண்கள் பக்கம் ஒருத்தி, "ஆத்தாடி!" என்று வாயில் கை வைத்தாள். கட்டியவள் கட்டியவன் பெயரைச் சொல்வதா? அதுவும் ஊர்க்கூட்டத்தில்?

வீரய்யாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. "நீதான் போட்டங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?"

அவள் மேடை ஏறி, ஷர்லியின் பேனாவை வாங்கி, ஏழாம் நம்பருக்கு நேரே எழுதினாள். 'ஆவுடையப்பன்.' வாலை எப்போதும் போல நீளமாக இழுத்தாள். ஷர்லி அதையும் செல்போனுக்குக் காட்டினாள். "அதே கையெழுத்துதான்" என்றது ஸ்பீக்கர்.

நோட்டு மேஜைக்குத் திரும்பியதும் கண்ணாத்தாள் இன்னொரு வேலை செய்தாள். எழுதிய பெயருக்குக் குறுக்கே, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே 'கண்ணாத்தாள்' என்று எழுதினாள். புருஷன் பெயர் எழுதிப் பழகிய கைக்குச் சொந்தப் பெயர் கோணலாகத்தான் வந்தது.

"பேரையா அடிக்கிற?" வீரய்யாவின் குரல் இறங்கிவிட்டது. அது கத்தலைவிட மோசமாக இருந்தது. "நல்லா யோசிச்சுக்க. தலைக்கட்டப் போக்கிட்டா ஊர்ல ஒனக்கு வீடே கெடையாது. கோயில்ல வரிசை கெடையாது. நாளைக்கு நீ செத்தா ஊரு வந்து தூக்காது."

அந்தப் பயத்தில்தானே பதினோரு வருஷம் ஓடியது. ஒரு கணம் கோட்டைப் பார்த்தாள். அழிக்க முடியாத கோடு.

"செத்தப்பறம் யாரு தூக்குனா எனக்கென்ன? உசுரோட இருக்கிறப்ப ஒக்கார எடமில்லாமப் பண்ணுனவருதானே நீங்க. எனக்குக் கடை இருக்கு, போதும். சாவியக் குடுக்கக் கூப்பிடுங்க."

"கூப்பிட வேற செய்யணுமா? அதான் வந்து நிக்கிறியே, எடுத்துட்டுப் போ."

"எல்லாரையும் மைக்ல பேரு சொல்லிக் கூப்பிட்டுத்தானே குடுத்தீங்க? என்னையும் கூப்பிடுங்க."

வீரய்யா மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். "ஆவுடையப்பன் வீடு."

"அந்தப் பேரைத்தான் அடிச்சாச்சே. என் பேரச் சொல்லுங்க."

"ஊர்க்கூட்டத்துல பொம்பள பேரைச் சொல்ற வழக்கமில்ல!"

"இடுப்பளவு சேத்துல பொம்பளய எறக்குற வழக்கம் மட்டும் இருந்துச்சாக்கும்?"

பின்னால் செவந்தி விசில் மாதிரி ஒரு சத்தம் போட்டாள். அய்யப்பன் திரும்பி முறைத்தார். அவள் அடங்கவில்லை. வெயிலில் நின்ற பெண்களெல்லாம் பந்தலுக்குள்ளே நெருங்கி வர ஆரம்பித்தார்கள். செல்போனில் கட்டம் கட்டமாய் ஏழெட்டு முகம் காத்திருந்தது. வீரய்யா அதைப் பார்த்தார். மேஜை மேல் கிடந்த சாவியைப் பார்த்தார். மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே ஏதோ சொன்னார்.

"கேக்கல" என்றாள் கண்ணாத்தாள். "மைக்ல."

அவர் அவளைப் பார்த்த பார்வைக்கு வேறொருத்தியாக இருந்தால் இறங்கி ஓடியிருப்பாள். இவள் நின்றாள். மடங்காத முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடை நம்பர் ஏழு" என்று ஊர் முழுக்கக் கேட்டது. பிறகு, வேண்டாத மருந்தைத் துப்புகிற மாதிரி வந்தது. "கண்ணாத்தாள்."

"வந்தாச்சு!" என்றாள்.

சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை. மேஜை மேலிருந்து அவள் பக்கமாக விரலால் தள்ளிவிட்டார். அவள் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். செல்போனுக்குக் கும்பிடு போடவில்லை. மேடையை விட்டு இறங்கும்போது, விரித்த கட்டைவிரலோடு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்த ஆவுடையப்பனைத் தாண்டிப் போனாள். முன் வரிசையில் கண்ணுசாமி உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் போய் நின்றாள்.

"என் கடைக்குள்ள ஒன் ஃப்ரிட்ஜு நிக்குது. பஸ்ஸு வர்றதுக்குள்ள வெளிய எடு. நண்டு வெயில்ல கெடக்கு."